30 நாளுக்குள் மறுபடியும் அட்மிஷன்: தவறு யாருடையது, தண்டத்தொகை விதி என்ன செய்யும்?

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எங்கள் அப்புச்சிக்கு 71 வயது. இதயம் பம்ப் செய்யும் திறன் குறைந்துவிட்டதென்று கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பதினோராம் நாள் இரவு கால் வீங்கி, மூச்சு வாங்கி, திரும்பவும் சேர்த்திருக்கிறோம். அமெரிக்காவில் 30 நாளுக்குள் நோயாளி திரும்பி வந்தால் மருத்துவமனைக்கு அபராதம் என்று அங்கிருக்கும் என் தம்பி சொல்கிறான். அப்படியானால் முதல் தடவை சரியாகப் பார்க்கவில்லையா? அந்த விதி இங்கே வந்தால் எங்களுக்கு நல்லதா? இந்த முறை வீட்டுக்கு அழைத்து வந்ததும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

திரும்பச் சேர்க்க நேர்ந்ததை வைத்து மட்டும் முதல் மருத்துவம் தவறு என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் அப்புச்சிக்கு உள்ளதுபோல் இதயம் பம்ப் செய்யும் திறன் குறைவதை இதயச் செயலிழப்பு என்கிறோம்; அது முழுவதும் குணமாகிவிடும் நோயன்று. நல்ல மருத்துவம் பெற்றவர்களிலும் ஒரு பகுதியினர் சில வாரங்களில் திரும்ப வருகிறார்கள். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் அரசுக் காப்பீட்டின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடியும் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதே ஆய்வின் இன்னொரு செய்தியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: அறுவை சிகிச்சை இல்லாமல் மருத்துவம் பெற்றுப்போய் அப்படித் திரும்பி வந்தவர்களில் பாதிப் பேர், இடைப்பட்ட நாட்களில் ஒரு மருத்துவரைக்கூடப் பார்த்ததாகப் பதிவே இல்லை. வார்டுக்குள் நடந்தது ஒருபுறம் இருக்க, வாசலைத் தாண்டிய பிறகு கவனிக்க ஆளில்லாமல் போனது பெரிய காரணமாக இருந்திருக்கிறது.

உங்கள் தம்பி சொல்லும் விதி 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து, 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா ஆகிய மூன்றில் தொடங்கி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டு மாற்று, இதய பைபாஸ் என்று பின்னர் விரிந்தது. எதிர்பார்க்கப்படும் அளவைவிட அதிகமானோர் திரும்ப வந்தால், அந்த நோயாளிகளுக்கான பணம் மட்டும் குறைவதில்லை; மெடிகேர் அந்த மருத்துவமனையின் எல்லா உள்நோயாளிகளுக்கும் தரும் அடிப்படைத் தொகையிலேயே 3 சதவீதம் வரை வெட்டு விழும். இந்த அச்சம் சில நல்ல பழக்கங்களைக் கொண்டுவந்தது. டிஸ்சார்ஜ் ஆனவரை நர்ஸ் போனில் விசாரிப்பது, பழைய மாத்திரைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, முதல் வாரத்திலேயே மறுபரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுப்பது ஆகியவை பல இடங்களில் பரவின. மறுசேர்க்கை விகிதமும் இறங்கியது.

ஆனால் அந்த இறக்கத்தை அப்படியே நம்பக் கூடாது. திரும்பி வந்த நோயாளியை வார்டில் சேர்க்காமல் 'கண்காணிப்பு' என்ற பெயரில் படுக்கையில் வைத்தாலோ, அவசரப் பிரிவிலேயே ஊசி போட்டு அனுப்பினாலோ அது மறுசேர்க்கையாக எண்ணப்படுவதில்லை. அதைவிட வேதனையானது, வீட்டிலேயே இறந்துபோனவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்பது. 2018இல் வெளியான பெரிய ஆய்வொன்று, இத்திட்டம் வந்த பிறகு இதயச் செயலிழப்பிலும் நிமோனியாவிலும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 30 நாள் இறப்பு கூடியிருப்பதைக் காட்டியது. மாரடைப்பில் அப்படி இல்லை. அந்த உயர்வுக்கு இத்திட்டம் காரணமன்று என்று மறுத்த ஆய்வுகளும் உண்டு, விவாதம் முடியவில்லை. ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகளுக்கே தண்டம் அதிகம் விழுந்ததால், 2019ஆம் நிதியாண்டிலிருந்து ஒத்த நிலையிலுள்ள மருத்துவமனைகளை ஒரு பிரிவாக வைத்து ஒப்பிடும்படி விதியைத் திருத்தினார்கள்.

நம் நாட்டில் இத்தகைய தண்டத்தொகை இல்லை. எனினும் 2022இல் தேசிய சுகாதார ஆணையம், ஆயுஷ்மான் பாரத் திட்ட மருத்துவமனைகளை மதிப்பிட அறிவித்த ஐந்து அளவுகோல்களில் மறுசேர்க்கை விகிதத்தையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மருத்துவமனையின் பொறுப்பு வாசலோடு முடிவதில்லை என்பதை அது ஏற்றுக்கொள்வதால் நான் வரவேற்கிறேன். ஆனால் இங்கே முதல் முறை கோவையிலும் அடுத்த முறை ஈரோட்டிலும் சேர்ப்பவர்கள் உண்டு. செலவு தாங்காமல் கையெழுத்துப் போட்டு முன்கூட்டியே அழைத்துப்போகிறவர்களும் உண்டு. இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் பணத்தை மட்டும் வெட்டினால், நோய் முற்றிய முதியவரைச் சேர்க்கவே தயங்கும் நிலை வரும். அந்தத் தயக்கத்தின் பாரம் உங்கள் அப்புச்சி போன்றவர்கள் தலையில்தான் விழும்.

இனி வீட்டுக் காரியம். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த சுருக்கத்தை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எந்த மாத்திரை புதிது, எது நிறுத்தப்பட்டது, எதன் அளவு மாறியது என்பதை நர்ஸைக் கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள். வீட்டிலுள்ள பழைய மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்; ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டிப்பாக விழுங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலிக்கென்று மெடிக்கலில் தானாக வாங்கும் வலி மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கி இதயத்தை இன்னும் திணறடிக்கும். சிறுநீர் அடிக்கடி வருகிறதென்று, நோம்பிக்கோ கல்யாணத்துக்கோ பஸ்ஸில் போகும் நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடுவது நம் பக்கம் மிகச் சாதாரணம். விடுவதற்குப் பதில், ஊர் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறைத்திருக்கிறோம் என்பார்கள். கம்மங்கூழுக்கு மோர்மிளகாயும் ஊறுகாயும் தட்டில் இருக்கும். அப்பளம், வடகம், கருவாடு எல்லாமே உப்புத்தான். மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் கூழும் மோரும் காப்பியும் அந்த அளவுக்குள் அடங்கும்.

எல்லாவற்றிலும் எளியது எடை பார்ப்பது. என்னிடம் வரும் பெரியவர் ஒருவர் கொப்பரைக் களத்தில் காவல் இருக்கிறார். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, வெறும் வயிற்றில், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார். பேத்தி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பாள். 61.2, 61.4, 62.6, 63.5 என்று ஏறியதைக் கண்டதும் அந்தப் பெண் போன் செய்தாள். அப்போது அவருக்கு மூச்சுத் திணறல் தொடங்கவில்லை, கணுக்காலில் மட்டும் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அன்றே வரச்சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்து, சில நாட்களுக்கு நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினோம். வார்டில் சேர்க்காமலே தேறினார். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்குமேல் ஏறினால், மறுபரிசோதனைத் தேதி வரட்டுமென்று காத்திருக்க வேண்டாம்.

முதல் பரிசோதனையை ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கோவை வரை அலைய முடியாதென்றால், மருத்துவரின் சம்மதத்தோடு இடையில் காங்கேயத்திலேயே ரத்த அழுத்தமும் ரத்தத்திலுள்ள உப்புச்சத்துப் பரிசோதனையும் பார்க்கலாம்; 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் உங்கள் ஊருக்கு வரும்போது அவரிடமும் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவும் காப்பீட்டில் அடங்கும். அதோடு இணைந்து நடக்கும் முதலமைச்சர் காப்பீட்டில் சேர்த்திருந்தால், கிளம்புமுன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இதைக் கேளுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, மார்பு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, "இப்போதுதானே போய் வந்தோம், என்ன சொல்வார்களோ" என்று விடியும் வரை பொறுக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், எடை எழுதிய தாளையும் மாத்திரைப் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.