25 நிமிட வெளிச்சம்

அன்புள்ள அண்ணா,

டப்ளினில் எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். டிசம்பர் 21 தாண்டியதும் பக்கத்து வீட்டுப் பெரியவர், ‘பகல் ஒரு சேவல் அடி வளர்ந்துவிட்டது’ (சேவல் எடுத்துவைக்கும் ஓர் எட்டு அளவு) என்று ஆரம்பித்தார். இரண்டே நிமிடத்தில் பேச்சு ஆங்கிலேயர் ஆட்சிக்குப் போய்விட்டது. அது முடிந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. ரயில் போட்டார்கள், துறைமுகம் கட்டினார்கள். இன்னும் எதற்கு இந்தப் பழைய கணக்கு? மறந்துவிடக் கூடாதா? அப்புறம், ஐரிஷ் மொழி கற்றால் பயன் உண்டா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தப் பெரியவர் மேல் பொறாமையாக இருக்கிறது. பகலை அளக்கச் சேவல் அடி! சில வாரங்களாக நானும் இந்தக் கணக்கில்தான் கிடக்கிறேன். அதனால்தான் உடனே பதில்.

ரயிலை விடுங்கள். அதற்குப் பதில் எழுதியே கை வலித்துவிட்டது.

மறக்கச் சொல்கிறீர்கள். 1841 கணக்கெடுப்பில் அயர்லாந்துத் தீவில் 80 லட்சத்துக்கும் மேல் மக்கள். 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். தானியமும் கப்பலேறிக்கொண்டிருந்தது. இன்று பிரிட்டனோடு இருக்கும் வடக்கையும் தனி நாடான தெற்கையும் கூட்டினாலும் அந்த 80 லட்சம் வரவில்லை. பந்தியில் ஆள் வராத இலைகள் இன்னும் கிடக்கின்றன. விருந்தாளியாகப் போன நீங்கள் மறந்துவிடு என்கிறீர்கள். கொஞ்சம் கூச்சம் வேண்டாமா தம்பி?

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். 1880 சட்டப்படி அயர்லாந்துக்குத் தனி நேரம் இருந்தது. டன்சிங்க் வானாய்வுக்கூடத்தில் கணித்த டப்ளின் நேரம், லண்டனின் கிரீன்விச் நேரத்துக்கு 25 நிமிடம் 21 விநாடி பின்னால். 1916 ஏப்ரலில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி. தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருஷம் அக்டோபர் 1 அன்று, லண்டனில் போட்ட சட்டத்தால் தனி நேரமும் போய், கிரீன்விச் நேரம் வந்தது. 1922இல் தெற்கே சுதந்திர நாடு அமைந்தது. பழைய நேரம் திரும்பவில்லை.

இப்போது உங்கள் ஜன்னலைப் பாருங்கள். டிசம்பர் நடுவில் அங்கே சூரியன் மறைவது நாலு மணி தாண்டி ஐந்தாறு நிமிடத்தில். பழைய கடிகாரத்தில் அது மூன்றே முக்கால்கூட ஆகியிருக்காது. ஆக, பெரியவர் மெச்சும் சாயங்காலத்தில் 25 நிமிடம் லண்டன் கொடுத்தது! சும்மா கொடுக்கவில்லை, காலையிலிருந்து பிடுங்கிக் கொடுத்தது. அதனால்தான் எட்டரை மணிக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு பல் தேய்க்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் ஓடுகிற ஒன்றை எப்படி ஐயா பழைய கணக்கு என்கிறீர்கள்?

ஒருமுறை அயர்லாந்தின் நியூகிரேஞ்சில், ஐயாயிரம் வருஷத்துக்கும் பழைய அந்தக் கல்லறைக்குள் நின்றிருக்கிறேன். வாசலுக்கு மேலே சின்னத் திறப்பு. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில விடியல்களில் அதன் வழியே ஒளி உள்ளறைவரை வரும். நான் போனது வேறு மாதம். வழிகாட்டிப் பெண் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு மின்விளக்கால் அந்த ஒளியைக் காட்டினார். தரையில் மஞ்சளாக ஒரு கோடு ஊர்ந்து வந்து என் செருப்பு நுனியில் நின்றது. பின்னால் யாரோ தும்மினார்கள். போலி வெளிச்சம்தான், தெரியும். தொண்டை அடைத்துக்கொண்டது.

மொழியைக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? கற்றுக்கொள்ளுங்கள். சேவல் அடிக்கு ஐரிஷில் என்ன என்று அந்தப் பெரியவரிடமே கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கே ரயில் விடாதீர்கள்.