விடியற்காலை மஞ்சள் நுரை: புஜ்ஜிக்கு மாத்திரையா, சாப்பாட்டு நேரமா?

கேள்வி: எங்கள் வீட்டில் புஜ்ஜி என்று ஒரு வெள்ளைப் பொமரேனியன் இருக்கிறாள். 7 வயது, 5 கிலோ. கருத்தடை அறுவை செய்யவில்லை. ஒரு மாதமாக வாரத்துக்கு மூன்று நாளாவது விடியற்காலை ஐந்து மணிவாக்கில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கிறாள். அதற்கு முன்னால் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பாள், வயிறு கடமுடவென்று சத்தம் போடும். விடிந்ததும் புல்லைத் தேடி ஓடுகிறாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடுகிறாள். இரவு ஏழு மணிக்குப் பால் சாதம், காலை ஒன்பது மணிக்கு மறுபடி சாதம். பகலில் கேட்கும்போதெல்லாம் மாரி பிஸ்கட், ஒரு நாளைக்கு ஐந்தாறு போகும். என் கணவர் போடும் பான் 40 மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. ஈனோ கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ஈனோ வேண்டாம் அம்மா. அதில் இருப்பது சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும். நமக்கு ஒரு ஏப்பத்தோடு முடிந்துவிடும். 5 கிலோ நாய்க்கு அந்தச் சோடியம் பெரிய சுமை, பொங்கி எழும் வாயுவும் தொல்லைதான். ஏழு வயதில் இதயமும் சிறுநீரகமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் அதைக் கொடுக்கவே கூடாது.

அடுத்து அந்தப் பாதி மாத்திரை. அதில் இரண்டு தவறு நடந்திருக்கிறது. பான் 40 என்பது அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை, அதற்கு மேல் ஒரு பூச்சு இருக்கும். இரைப்பை அமிலத்தில் மருந்து கரைந்து வீணாகாமல் குடல்வரை போய்ச் சேர்வதற்காகப் போட்ட பூச்சு அது. மாத்திரையை உடைத்த உடனே அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. இரண்டாவது, அளவு. இந்த வகை மருந்துகளை நாய்களுக்கு ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கை ஒட்டித்தான் கொடுக்கிறோம். நீங்கள் கொடுத்தது 20 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு. ஓரிரு தடவை கொடுத்ததால் பெரிய கெடுதல் வந்திருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் நிறுத்திவிடுங்கள்.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். இரவு ஏழிலிருந்து காலை ஒன்பதுவரை பதினான்கு மணிநேரம். அவ்வளவு நேரம் புஜ்ஜியின் வயிறு காலி. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். இரைப்பை வெகுநேரம் காலியாக இருக்கும்போது சிறுகுடலில் இருக்க வேண்டிய பித்தநீர் பின்னோக்கி ஏறி வந்து இரைப்பையின் உள்சுவரை உறுத்துகிறது என்று கருதுகிறோம். அந்த மஞ்சள் நிறம் பித்தநீருடையது. உதட்டை நக்குவது, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பது, புல்லைத் தேடுவது எல்லாம் குமட்டலின் அடையாளங்கள். அமிலமும் பித்தமும் உணவுக்குழாய்வரை ஏறினால் நெஞ்செரிச்சலும் சேரும். நம்மைப்போல் நாய்க்குச் சொல்லத் தெரியாது. இடம் மாற்றி மாற்றிப் படுக்கும், தலையை உயர்த்தி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பித்த வாந்தி என்று நாங்கள் சொல்லும் இந்தத் தொல்லைக்கு முதல் வைத்தியம் மருந்துக்கடையில் இல்லை, படுக்கப்போகும் முன் கொடுக்கும் ஒரு பிடிச் சாப்பாட்டில் இருக்கிறது.

இன்றைக்கே தொடங்கலாம். நாள் முழுவதும் கொடுக்கும் மொத்த அளவைக் கூட்டாமல் நான்காகப் பிரியுங்கள்: காலை ஆறரை, மதியம் ஒரு மணி, மாலை ஏழு, இரவு பத்தரை. கடைசி வேளை சிறியதாக, கொழுப்பு இல்லாததாக இருக்கட்டும். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி ஒரு ஸ்பூன், குழைந்த சாதம் இரண்டு ஸ்பூன் போதும். கொழுப்பு இரைப்பையைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும், அதனால் எதுக்களிப்பு கூடும். அந்த வேளையில் நெய், பாலாடை, மட்டன் எதுவும் கூடாது. பால் சாதத்தையும் விட்டுவிடுங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. கடமுட சத்தத்தில் பாலுக்கும் பங்கு இருக்கலாம். தயிர் ஒரு ஸ்பூன் ஒத்துக்கொண்டால் பரவாயில்லை.

பிஸ்கட் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. புஜ்ஜியின் எடைக்கும் வயதுக்கும் ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி போதும். ஒரு மாரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி இருக்கிறது. ஆறு பிஸ்கட் என்றால் 150, அன்றைய தேவையில் பாதி! மைதாவும் சர்க்கரையும் பாதி வயிற்றை நிரப்பினால் மீதிச் சாப்பாட்டை அவள் எப்படிச் சரியாகச் சாப்பிடுவாள்? என்னிடம் வருகிறவர்களில் பலர், "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது டாக்டர், வெறும் பிஸ்கட்தான்" என்பார்கள். வெறும் பிஸ்கட்!

கோழியும் சாதமும் வயிறு தேறும்வரைக்குத்தான். அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும் வேறு சில சத்துகளும் குறைந்துவிடும். பிறகு நல்ல முழுச்சத்து நாய் உணவுக்கு மாறலாம். வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்றால் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் புது உணவுக்கு மாறுவதை ஒரு வாரத்தில் படிப்படியாகச் செய்ய வேண்டும், ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம்.

அப்புறம், வருவது உண்மையிலேயே வாந்திதானா என்று பார்க்க வேண்டும். மூன்று விஷயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். வாந்தி என்றால் வயிறு எக்கி எக்கி வரும், முன்னால் ஓக்காளம் இருக்கும். எதுக்களிப்பு என்றால் எந்த முயற்சியும் இல்லாமல், தலையைக் குனிந்ததும் சாப்பாடு அப்படியே வழிந்து விழும், பெரும்பாலும் செரிக்காமல். அது உணவுக்குழாயின் கோளாறு, அதற்கு எடுக்க வேண்டிய பரிசோதனைகளே வேறு. மூன்றாவது இருமல். பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்களில் மூச்சுக்குழாய் தளர்ந்து சப்பிப்போவது சகஜம். வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் வந்து, கடைசியில் ஓக்காளித்து வெள்ளை நுரையைத் துப்பும். அதை வாந்தி என்று நினைத்து மாதக்கணக்கில் வயிற்றுக்கு மருந்து கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புஜ்ஜியின் நுரை மஞ்சளாக இருப்பதால் அது வயிற்றிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் அடுத்த முறை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட இருபது நொடி வீடியோ எங்களுக்கு அதிகம் சொல்லும்.

(நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்ப்பவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அதனால் புஜ்ஜியின் மதிப்பு குறைந்துவிடாது, நம் வெயிலைத் தாங்கும் நல்ல நாய் அது. இதே கேள்வி பக் அல்லது ஷிட்ஸு வைத்திருப்பவரிடமிருந்து வந்திருந்தால் மூக்கிலிருந்து தொடங்கியிருப்பேன். சப்பை மூக்கு நாய்கள் மூச்சிழுக்கப் படும் பாட்டில் இரைப்பையின் மேல்பகுதியே நெஞ்சுக்குள் இழுபட்டு எதுக்களிப்பு வருவது உண்டு.)

சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். ஆனால் மூன்று வாரத்தைத் தாண்டிய வாந்தியை நாள்பட்டது என்றுதான் நாங்கள் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. அதனால் இரவுச் சாப்பாட்டை இன்றைக்கே தொடங்குங்கள், இந்த வாரத்திலேயே மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். சிறுநீரகம், கல்லீரல் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, சிறுநீர், மலம், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வார். பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று நினைவுபடுத்திக்கொண்டு போங்கள்.

கருத்தடை செய்யவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றேன். நடுவயதைத் தாண்டிய பெண் நாய்க்கு ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிப்பது உண்டு. வாந்தி, சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது என்று வரும். சீழ் வெளியே வடியாமல் உள்ளேயே தங்கும் வகையும் உண்டு, அதுதான் அதிக ஆபத்து. புஜ்ஜி விளையாடுகிறாள் என்பதால் இப்போது அந்தச் சந்தேகம் குறைவு. ஆனால் கடைசியாக ஹீட் எப்போது வந்தது என்பதையும், தண்ணீர்க் கிண்ணம் முன்பைவிட வேகமாகக் காலியாகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

காத்திருக்கவே கூடாத நிலைமைகள் சில உண்டு. வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற திட்டுகளோ இருந்தாலும், மலம் தார்போல் கறுத்துப் போனாலும், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டாலும் உடனே கிளம்புங்கள். வயிறு உப்பி, ஓக்காளித்தும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி வைத்தபடி நின்றால் கடும் வயிற்றுவலி என்று பொருள். கொழுப்பான விருந்துச் சாப்பாட்டுக்கு மறுநாள் இப்படி நின்றால் எனக்கு முதலில் கணைய அழற்சிதான் நினைவுக்கு வரும். மாங்கொட்டை, எலும்புத்துண்டு, நூல் எதையாவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் அப்படித்தான். 5 கிலோ உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் இல்லாமல் பிசுபிசுப்பாக இருந்தால் நீர் வற்றத் தொடங்கிவிட்டது. வயிற்றுக்கு ஓய்வு என்று சின்ன நாயை நாள் முழுக்கப் பட்டினி போடுவதும் தப்பு, குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்தால் பார்வோ வைரஸ் நோய் இல்லை என்று உறுதியாகும்வரை வீட்டு வைத்தியமே கிடையாது.

வீட்டு வைத்தியம் என்றதும் ஓமத் தண்ணீர் நினைவுக்கு வரும். அதன் நன்மை தீமையைவிட அதை ஊற்றும் விதம்தான் எனக்குப் பயம். வாயைப் பிடித்துக்கொண்டு ஊற்றும்போது புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். குழம்பில் கிடந்த கோழித்துண்டும் வேண்டாம், அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது, இரண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை. பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021 முதல் கருதப்படுகிறது. அதே அமிலம் நம் புளியிலும் உண்டு. புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றி 2022இல் மருத்துவ இதழில் பதிவு வந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்து வீட்டில் புளியோதரை இல்லாமல் இருக்காது. புஜ்ஜிக்கு அது எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

மருத்துவர் அமிலம் குறைக்கும் மருந்து எழுதிக்கொடுத்தால் அதை எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணிநேரம் முன்னதாக, நொறுக்காமல் கொடுக்க வேண்டும். நாய்களுக்கு ஒமிபிரசோல் வகை மருந்துகள் பழைய ரானிடிடினைவிட நன்றாக வேலை செய்கின்றன, அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகக் கொடுக்கும்போது. அமெரிக்காவின் கால்நடை உள்மருத்துவ நிபுணர்கள் 2018இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. காரணம் தெரியாமல் சும்மா கொடுக்காதீர்கள் என்றும் அதே அறிக்கை எச்சரிக்கிறது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் நாயாக இருந்தால், அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வையுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிவிடும்.

புல் தின்பதைத் தடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள் என்று தெரியும். இரண்டு இழை கடித்தால் விட்டுவிடலாம், மருந்து தெளித்த பூங்காப் புல் மட்டும் ஆகாது. வாந்தி எடுக்கும் நாளையும் நேரத்தையும் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரிலேயே பேனாவால் குறித்துக்கொண்டு வாருங்கள். முந்தின இரவு பத்தரை மணிச் சாப்பாடு கொடுத்தீர்களா, மறந்துவிட்டீர்களா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனால் போதும்.