தோட்டத்துப் பம்பு, குழாய், பாலம் எல்லாம் வரைபடத்தில்: கேட்டவர்களுக்குப் பதில்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் பராமரிப்பு வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பம்பு, ஜெனரேட்டர், தண்ணீர் டேங்கி, பாலம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு என்று எங்களிடம் உள்ளதெல்லாம் ஒரு சொத்து மேலாண்மை மென்பொருளில் இருக்கிறது, ஒவ்வொன்றும் வரைபடத்தில் தனித்தனிப் புள்ளி. அதைப் பற்றி இரண்டு வரி எழுதினேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி: அண்ணே, எங்களிடம் எக்ஸலில் 400 பொருள் பட்டியல் இருக்கிறது. தேடினால் கிடைக்கிறது. வரைபடம் எதற்கு?

தம்பி, பட்டியல் என்ன இருக்கிறது என்று சொல்லும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. காலையில் ஆற்றோரப் பம்பு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள். மெக்கானிக் செம்மண் ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் போகிறார். வரைபடத்தைத் திறந்தால் அதே வழியில் ஸ்டோரில் ஒரு தீயணைப்பான் தவணை முடியப்போகிறது, டிவிஷன் ஆபீஸ் ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்பது கண்ணில் படும். மூன்று வேலை, ஒரே பயணம். எக்ஸலில் அவை மூன்றும் வேறு வேறு வரிசையில் கிடக்கும், யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. புள்ளியைத் தொட்டால் அதன் போட்டோ, கடைசியாகப் பழுது பார்த்த தேதி, போட்ட உதிரிபாகம் எல்லாம் வர வேண்டும், அங்கிருந்தே வேலை உத்தரவும் போட முடிய வேண்டும். தொட்டால் பெயர் மட்டும் வருகிற வரைபடம் ஆபீஸ் சுவரில் மாட்டிய படத்துக்குச் சமம், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

புதிதாகக் கிராணி (எழுத்தர்) வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கை: எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கணினியை மூடி வைத்துவிட்டு நடக்க ஆரம்பியுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். தோட்டத்தில் முப்பது வருஷம் வேலையாட்களை மேற்பார்த்த மண்டோரையோ பம்பு ஓட்டியவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். எங்களுக்கு இதில் ஒரு பாடம் கிடைத்தது. தண்ணீர்க் குழாய் வரைபடத்தைப் பழைய குத்தகைக்காரர் கொடுத்த காகிதத்திலிருந்து அப்படியே வரைந்து ஏற்றிவிட்டோம், பார்க்க அழகாக இருந்தது. ஒருநாள் ராத்திரி பெரிய குழாய் வெடித்து லயத்தில் தண்ணீர் இல்லை, குழந்தைகள் காலையில் பள்ளிக்குப் போக வேண்டும், நாங்கள் வரைபடம் காட்டிய இடத்தில் தோண்டுகிறோம், தோண்டுகிறோம், குழாயே இல்லை. கடைசியில் ஓய்வு பெற்ற ஒரு மண்டோரை வீட்டிலிருந்து கூட்டி வந்தோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பாறை இருந்ததால் அந்தக் காலத்திலேயே குழாயை வளைத்துவிட்டார்கள் என்று இருபது அடி தள்ளிக் காட்டினார். அங்கேதான் இருந்தது. அவருக்கு அப்போதே எழுபது வயதுக்கு மேல். அவர் தலையில் இருந்ததை அதற்கு அடுத்த வாரமே அவரோடு நடந்து ஏற்றினோம்.

அதனால் முதலில் மண்ணுக்கு அடியில் இருப்பதை ஏற்றுங்கள். டேங்கி எங்கே போய்விடும், யாருக்கும் தெரியும். வால்வு, மூடிய கிணறு, கேபிள், ரோட்டுக்கு அடியில் போகும் குழாய், இவைதான் ஆள் போனால் கூடவே போய்விடுபவை. குழாயைக் கோடாக வரையுங்கள், புள்ளியாக வேண்டாம். எந்த வால்வை மூடினால் எந்த லயத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

கோலகங்சாரிலிருந்து ஒருவர்: பழைய நில அளவை வரைபடத்தை ஏற்றினேன். எங்கள் ஸ்டோர் பக்கத்துத் தோட்டத்தில் போய் நிற்கிறது!

ஐயா, பயப்படாதீர்கள், இது எல்லாருக்கும் வருவது. கைப்பேசி ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொதுக் கணக்கில் இடத்தைச் சொல்கிறது. நம் பழைய வரைபடங்கள் பெரும்பாலும் கெர்தாவ் என்ற கணக்கில் உள்ளவை, பகாங்கில் உள்ள கெர்தாவை அடிப்படைப் புள்ளியாக வைத்தது. இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் போட்டால் 100 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். புதிய வரைபடங்கள் ஜிடிஎம் 2000 கணக்கில் இருக்கும், அது ஜிபிஎஸ்ஸோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். நில உரிமைப் பத்திரத்துக்கான அளவை வரைபடமோ காசினி என்ற இன்னொரு முறையில் இருக்கும், அதிலும் மாநிலத்துக்கு ஏற்ப ஆரம்பப் புள்ளி மாறும்.

வரைபடத்தின் ஓரத்தில் எந்த முறை என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்து மென்பொருளில் முதலில் அந்த முறையைத் தேர்ந்தெடுங்கள், மாற்றுவதை அது பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கையால் இழுத்து ஒட்ட வைக்காதீர்கள். ஒரு மூலை பொருந்தும், மறு மூலை போய்விடும். ஏற்றிய பிறகு பாலத்து மூலை, கோவில் கோபுரம், ஆறு சேருமிடம் என்று நகராத மூன்று இடத்தில் நேரில் நின்று சரிபாருங்கள்.

எங்கள் ஜெனரேட்டர் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் இருக்கிறது, ஏன்?

அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் காலியாக இருந்து மென்பொருள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. காலிக் கட்டத்தை நிரப்புங்கள். கூடவே தசம இலக்கத்தையும் பாருங்கள். மூன்று இலக்கம் என்றால் 100 மீட்டர் வரை உளறும், ஐந்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர். எக்ஸல் சில நேரம் சொல்லாமல் சுருக்கிவிடும்.

தெலுக் இந்தானிலிருந்து: செம்பனைக்குள்ளே லைன் கிடைப்பதில்லை, ஜிபிஎஸ்ஸும் துள்ளுகிறது. என்ன செய்வது?

லைன் இல்லாததற்கு வழி இருக்கிறது. வரைபடத்தை ஆபீசிலேயே கைப்பேசியில் இறக்கிக்கொண்டு போங்கள். கியூஃபீல்டு என்ற இலவசச் செயலி இதற்கென்றே செய்தது, காட்டில் பதிந்து வந்து மாலையில் ஒத்திசைத்துவிடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச உலக வரைபடத்தின் பொதுச் சர்வரிலிருந்து மொத்தமாகப் படங்களை இறக்கக் கூடாது, அது அவர்கள் விதி. தரவை எடுத்து நீங்களே வரைபடம் செய்துகொள்ளலாம்.

ஜிபிஎஸ் வேறு விஷயம். திறந்த வானத்தில் கைப்பேசி சுமார் ஐந்து மீட்டருக்குள் சொல்லும், மட்டைகளுக்கு அடியில் அதைவிட மோசம். மரங்கள் 9 மீட்டர் முக்கோணத்தில் நட்டவை, ஹெக்டேருக்கு 142 மரம் வரும், அதனால் பத்து மீட்டர் தவறினால் அடுத்த மரத்துக்கே போய்விட்டீர்கள். பம்பு வீட்டுக்கு அது போதும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். புதைந்த வால்வுக்குப் போதாது. அதற்கு மர நிரையின் எண்ணையும், அருகில் உள்ள கல்லிலிருந்து டேப் பிடித்த தூரத்தையும் குறிப்பில் எழுதுங்கள். ஆலைக்குள் துத்தநாகக் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ்ஸை நம்பவே வேண்டாம், ஆலையின் தரைப்படத்தைப் பின்னணியாக வைத்துப் புள்ளி வையுங்கள்.

சிவப்பு, பச்சை, மஞ்சள் போதுமா?

போதாது, சிலருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாது. பழுதானதற்கு முக்கோணம், நல்லதற்கு வட்டம் என்று வடிவத்தையும் மாற்றுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் அதே வரைபடத்தில் காட்டச் சொல்கிறார் எங்கள் மேனேஜர்.

டிராக்டரில் ஜிபிஎஸ் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது தோட்டத்துச் சொத்து. ஆள் சொத்து இல்லை. பம்போடு பம்பாக ஒரு தொழிலாளியைப் புள்ளியாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, எங்கள் தோட்டத்தில் அதை நான் செய்யவில்லை. மின்னல் நேரத்தில் தனியாக நிற்பவரின் பாதுகாப்புக்குத்தான் என்றால் அவரிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, வேலை நேரத்துக்கு மட்டும் வையுங்கள். 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மேனேஜருக்கு நினைவுபடுத்துங்கள். லயத்து வீட்டுப் புள்ளியிலும் வீட்டு எண்ணும் கூரையின் நிலையும் போதும், குடும்பத்தார் பெயர் எதற்கு?

10 ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் அக்கா: ஐரோப்பியச் சட்டத்துக்கு நிலத்தின் இடம் வேண்டும் என்கிறார்கள். ஒரு புள்ளி போதும்தானே?

அக்கா, நீங்கள் நூலிழையில் மாட்டிக்கொள்கிறீர்கள். காடழிப்பு தொடர்பான அந்தச் சட்டப்படி 4 ஹெக்டேர் வரை ஒரு புள்ளி போதும், அதற்கு மேல் போனால் எல்லையைச் சுற்றிக் கோடு வேண்டும். 10 ஏக்கர் என்பது 4.05 ஹெக்டேர். அதனால் எல்லையைச் சுற்றி நடந்து பதிந்துவிடுங்கள், தசமத்தில் ஆறு இலக்கம் கேட்கிறார்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்து நட்டதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. பழைய ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்திருந்தால் அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள்.

கோவில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு ஐயா: எங்களிடம் அறுபது எழுபது பொருள்தான். விலை கொடுத்து மென்பொருள் வாங்க முடியாது.

வாங்கவே வேண்டாம் ஐயா. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், 2002-இல் தொடங்கியது, அறுபது பொருளுக்கு அது தாராளம். ஆனால் கோவிலில் பாதிப் பொருள் நகரும். அண்டா, நாற்காலி, மைக் செட்டெல்லாம் கல்யாணத்துக்குப் போய் வரும். அவற்றுக்குப் புள்ளி வைக்காதீர்கள், எண் ஒட்டி, எந்த அறையில் இருக்க வேண்டும், யார் எடுத்துப் போனார் என்று எழுதுங்கள். வரைபடத்தில் அறை, கிணறு, மின்பெட்டி, தண்ணீர்க் குழாய், தேர்க்கொட்டகை மட்டும் இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து முதல் இருபதை ஏற்றிவிடலாம்.