வெள்ளம் புகுந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் உடைந்து உறைகிணற்றுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது என்கிறீர்கள். இப்போதைக்குக் குடிக்க வேண்டாம். சுற்றிலும் வயலில் தண்ணீர் நிற்கும்போது அவசரப்பட்டு முழுவதும் இறைத்தால் உறை சரியும், வடிந்தபின் இறையுங்கள்.

ஊற்று தெளிந்ததும் பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. 2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 3 மீட்டர் நீர் இருந்தால் ஏறத்தாழ 9,400 லிட்டர். அந்தக் கணக்கில் சுமார் 25 கிராம். தூளை அப்படியே கொட்டுவது பலர் செய்யும் தவறு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். இரவில் செய்தால் காலையில் இறைக்கலாம்.

கழிவறைக் குழி பக்கத்திலேயே இருந்தால் எந்தத் தூளும் நிரந்தரமாக உதவாது. 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரையும் வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே உயர்த்திவிடுங்கள்.