பாதிக்குப் பாதி

சார், வணக்கம்.

நான் காவேரிப்பட்டணம். உடன் படித்த தோழி ஓசூரில் இருக்கிறாள். இருவரும் தனித்தனியே எழுத்து வேலை செய்துவருகிறோம். எனக்குத் தமிழும் தெலுங்கும், அவளுக்கு ஆங்கிலமும் கன்னடமும் நன்றாக வரும். மாங்கூழ் ஆலைகளுக்குக் கேட்லாக், சிப்காட் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்குக் கம்பெனி அறிமுகம், கொட்டேஷன் கடிதம், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை, மொழிபெயர்ப்பு என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்கிறோம். இப்போது ஒரே பெயரில் பார்ட்னர்ஷிப்பாக நடத்தலாம் என்று யோசனை.

லாபம் பாதிக்குப் பாதி என்று வாய்ப்பேச்சாக முடிவு செய்திருக்கிறோம். அது போதுமா? பதிவு, ஜி.எஸ்.டி. எல்லாம் வேண்டுமா? திருத்தம் திருத்தம் என்று வேலை முடிவதே இல்லை, ரேட்டை எப்படிப் போடுவது? ஒரு கிரானைட் கம்பெனி எனக்கு 38,000 ரூபாய் பாக்கி வைத்து எட்டு மாதம் ஆகிறது. கூட்டு நிறுவனத்தின் பெயரில் அதை வசூலிக்க முடியுமா?

எஸ்., காவேரிப்பட்டணம்

அன்புள்ள எஸ்.,

பாதிக்குப் பாதி என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இருவரும் ஒரே அளவு வேலை செய்யும் மாதம் என்று ஒன்று வரவே வராது. மாம்பழப் பருவத்துக்கு முன்னால் கேட்லாக் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும். உங்கள் தோழி பக்கத்தில் ஒரு பட்டறை ஐ.எஸ்.ஓ. தரச்சான்றுத் தணிக்கைக்குத் தயாரானால் ஆவணங்களோடு மூன்று வாரம் அவர்தான் மல்லுக்கட்ட வேண்டும். மாத முடிவில் பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் அதிகம் உழைத்தவருக்கு உறுத்தும், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அடுத்த மாதம் வேலை தானாகவே மந்தமாகும்.

சட்டமும் உங்களுக்குத் துணைக்கு வராது. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை லாப நஷ்டம் சமபங்கு, உழைப்புக்குத் தனிச் சம்பளம் கிடையாது. வாய்ப்பேச்சோடு நின்றால், ஒருவர் பகல் இரவாக எழுதி மற்றவர் சும்மா இருந்தாலும் பங்கு ஒன்றுதான்.

ஆகவே முதலில் வேலைக்குக் கூலி, அதன் பிறகு மிச்சத்தில் பங்கு. 20,000 ரூபாய் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலையைக் கொண்டுவந்தவருக்கு 10 சதவீதம், 2,000. எழுதியவருக்கு 55 சதவீதம், 11,000. மெய்ப்புப் பார்த்தவருக்கு 10 சதவீதம், 2,000. பில் போட்டு, பின்தொடர்ந்து, பணத்தை வாங்கிவந்தவருக்கு 5 சதவீதம், 1,000. மீதி 4,000 பொதுக் கணக்குக்கு. நெட், கம்ப்யூட்டர், ஆடிட்டர் கட்டணம், ஓசூர் பஸ் செலவு எல்லாம் அந்தப் பொதுக் கணக்கிலிருந்து போகட்டும். மார்ச் முடிவில் அதில் மிஞ்சுவதைத்தான் பாதிக்குப் பாதி பிரிக்க வேண்டும். சதவீதத்தை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கொண்டுவந்தவருக்கான 10 சதவீதம் பணம் கைக்கு வந்த பிறகுதான் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். இல்லாவிட்டால் பணம் தராத ஆட்களின் வேலையாகப் பார்த்துப் பிடித்துவரும் ஆசை யாருக்கும் வரும்.

இந்தக் கூலிக் கணக்கு ஒப்பந்தப் பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டியதற்கு வருமான வரிதான் பெரிய காரணம். தனி மனிதருக்கு உள்ள அடிப்படை வரிவிலக்கு கூட்டு நிறுவனத்துக்கு இல்லை. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். செலவெல்லாம் போக வருடத்துக்கு 6 லட்சம் நின்றது, பத்திரத்தில் பார்ட்னர் சம்பளம் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் வரி 1,87,200 ரூபாய். அதே 6 லட்சத்தில் உழைக்கும் பார்ட்னர்களுக்கு 90 சதவீதம் வரை, அதாவது 5,40,000 வரை, சம்பளமாகக் கழிக்க வரிச் சட்டம் இடம் தருகிறது. கழித்தால் மீதி 60,000-க்கு வரி 18,720 மட்டும். ஆளுக்கு 2,70,000 சம்பளம், வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையின் 4 லட்ச விலக்குக்குள் அடங்கிவிடும். ஒரு பத்தி எழுதாமல் விட்டால் போகிற பணம் 1,68,480 ரூபாய்.

அந்தப் பத்தியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ‘சம்பளத்தை அவ்வப்போது பார்ட்னர்கள் பேசி முடிவு செய்துகொள்ளலாம்’ என்று பழைய மாதிரிப் படிவத்தைப் பார்த்து எழுதிக்கொடுப்பார்கள். வரித்துறை அதை ஏற்காது. தொகை இருக்க வேண்டும், அல்லது தொகையைக் கணக்கிடும் வழி இருக்க வேண்டும். மேலே சொன்ன சதவீதக் கணக்கை அப்படியே எழுதினால் வழியும் வந்துவிடும். பத்திரத்தின் தேதிக்கு முந்தைய மாதங்களுக்குச் சம்பளம் கழிக்க முடியாது என்பதால் அதை மார்ச் வரை தள்ளிப்போடவும் கூடாது.

2025 ஏப்ரல் முதல் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. ஒரு பார்ட்னருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளமோ வட்டியோ கொடுத்தால் நிறுவனமே 10 சதவீதத்தை டி.டி.எஸ். ஆக, அதாவது கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரியாக, பிடித்துக் கட்ட வேண்டும். பணமாகக் கொடுக்காமல் அவர் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தாக வேண்டும். அதற்கு நிறுவனத்தின் பான் எண் போக, வரி பிடிப்பவர்களுக்கான டான் எண்ணும் தேவை. பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வரி வராத பார்ட்னர் தன் சொந்த ரிட்டர்னில் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கித்தான் கிடக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, வருட வரவு நான்கைந்து லட்சத்துக்குள் என்றால் தனித்தனியாகவே பில் போட்டு வேலையை மட்டும் பகிர்ந்துகொள்ளலாமே என்று தோன்றினால் அது சரியான எண்ணம்தான். ஆடிட்டர் செலவே மிச்சம். ஒன்று மட்டும், தனித்தனி என்றால் தனித்தனிதான். ஒரே பெயரில் கார்டு அடித்து, லாபத்தையும் பிரித்துக்கொண்டால் பத்திரம் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது கூட்டாண்மை. தோழி ஏற்றுக்கொண்ட வேலையில் நஷ்டஈடு வந்தால் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம்.

கூட்டு நிறுவனம் என்று முடிவாகிவிட்டால் பதிவு செய்துவிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள்மீது வழக்குப் போட முடியாது. கலைப்பு, அதன் கணக்குத் தீர்ப்பு தவிர பார்ட்னர்கள் ஒருவர்மேல் ஒருவர்கூடப் போட முடியாது. நமக்குப் பதிவாளர் என்பவர் மாவட்டப் பதிவாளர். பத்திரம் எழுதியதும் பான், கரண்ட் அக்கவுண்ட், அடுத்து உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு. உத்யம் முழுக்க இலவசம். அரசுத் தளத்தில் ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேர வேலை. இதற்கு 2,000, 3,000 கேட்கிற தளங்கள் அரசுடையவை அல்ல.

ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டீர்கள். சேவைக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை கட்டாயமில்லை. பெங்களூரு வாடிக்கையாளருக்குச் செய்தாலும் இதே வரம்புதான். பதிவில்லாமல் பில்லில் 18 சதவீதம் சேர்த்து வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

இனி ரேட். மொழிபெயர்ப்புக்கு மூலத்தின் சொல் எண்ணிக்கையை வைத்தே விலை சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் இருப்பது தமிழுக்கு வரும்போது நூற்றுக்கு இருபது முப்பது குறைந்துவிடும், தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏறக்குறைய அப்படியே. முடிந்த பிரதியை எண்ணிக் காசு வாங்கினால் உழைப்பில் கால்வாசி இலவசம். கேட்லாக், கம்பெனி அறிமுகம் போன்றவற்றுக்குச் சொல் கணக்கு ஒத்துவராது, பக்கக் கணக்கும் வேண்டாம். மொத்தத் தொகையாகப் பேசி, அதற்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதுங்கள்: ஆலைக்கு ஒரு முறை நேரில் வருவது, முதல் பிரதி, இரண்டு சுற்றுத் திருத்தம். மூன்றாவது சுற்றுக்கு மொத்தத்தில் 15 சதவீதம் கூடுதல்.

திருத்தம் ஏன் முடிவதில்லை என்றால், திருத்துகிறவர் ஒருவர் இல்லை. முதலாளி வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புவார், அவர் மகன் வேறு சொல்வார், மேனேஜர் பழையதே நன்றாக இருந்தது என்பார். ஒப்புதல் தருபவர் இன்னார் என்று கொட்டேஷனிலேயே ஒரு பெயர் வாங்குங்கள். குரல் பதிவில் வந்ததை நீங்களே எழுத்தாக்கி, ‘இந்த ஐந்து மாற்றங்கள், சரிதானே’ என்று கேட்டு, ‘சரி’ வந்த பிறகு கை வையுங்கள்.

அச்சகத்தில் ஒரு சுற்று தனியாக இருக்கிறது. நீங்கள் யூனிகோடில் கொடுப்பீர்கள். பல அச்சகங்கள் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகின்றன. மாற்றி ஒட்டும்போது கொ, கோ, கௌ போல இருபுறமும் குறி வருகிற எழுத்துகள் உடையும், ஸ்ரீ காணாமல் போகும், இடையில் இருக்கும் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறும். கணினித் திரையில் சரியாக இருந்தது என்பது பதில் ஆகாது. பத்தாயிரம் லேபிள் அடித்த பிறகு தெரிந்தால் சண்டை உங்கள் வாசலுக்குத்தான் வரும். ‘அச்சக ப்ரூஃபை எங்களுக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே அச்சு. காட்டாமல் அடித்தால் பொறுப்பில்லை’ என்று கொட்டேஷனில் எழுதிவிடுங்கள். ப்ரூஃப் பார்க்க நேரமும் கூலியும் ஒதுக்குங்கள்.

திட்ட அறிக்கை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எண்கள் வாடிக்கையாளர் தந்தவை என்று ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து இருக்கட்டும். கடன் கிடைத்தால் இத்தனை சதவீதம் என்று பேசவே பேசாதீர்கள். எழுதியதற்குக் கூலி, அவ்வளவுதான். கடன் தொகையில் பங்கு உண்டென்றால் எண்களை ஊதிப் பெருக்கும் ஆசை வரும், நாளைக்குத் தவணை நின்றால் முதலில் தேடப்படுவதும் நீங்கள்தான்.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதையும் விட்டுவிடாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வேலைக்காரராக இல்லாமல் வெளியே இருந்து எழுதித் தருபவருக்கே முதல் உரிமை. மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் தேவை. ‘முழுத் தொகையும் வந்த பிறகு உரிமை வாடிக்கையாளருக்கு’ என்று பில்லிலும் கொட்டேஷனிலும் இருந்தால், பணம் தராமல் இணையதளத்தில் போட்டவரிடம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

புது ஆளிடம் முன்பணம் பாதி. உத்யம் எண்ணைப் பில்லின் தலையிலேயே போடுங்கள். சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் வாங்குபவர் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இப்போது அதற்கும் மேல், கெடு தாண்டிய பாக்கியைக் கொடுக்கும்வரை வாங்கியவர் அதைத் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. எனவே பாக்கிக் கடிதம் அனுப்ப நல்ல மாதம் மார்ச். அவருடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார். பெரிய கம்பெனி டி.டி.எஸ். பிடித்தால் நிறுவனத்தின் பானில் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வாடிக்கையாளர்கள் பழக்க தோஷத்தில் உங்கள் சொந்தப் பானில் போட்டுவிடுவது வழக்கம்.

கடைசியாக அந்த 38,000. அது உங்கள் பெயரில் செய்த வேலை, உங்கள் பெயரில் போட்ட பில். நாளை தொடங்கும் நிறுவனம் அதைக் கேட்க முடியாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். உத்யம் இல்லாத காலத்து வேலைக்கு 45 நாள் சட்டத்தை இப்போது நீட்டுவது நிற்குமா என்பதும் சந்தேகம். வழக்குப் போடக் கெடு மூன்று வருடம், அதில் எட்டு மாதம் போயிருக்கிறது. பில் நகல், வேலையை ஒப்படைத்த மெயில், அவர் ‘நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பிய வாட்ஸாப் மூன்றையும் சேர்த்து ஒரு கணக்கு விவரம் தயாரித்து, ‘இந்த நிலுவையை உறுதி செய்யவும்’ என்று மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். அவர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மூன்று வருடம் அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும். பதிலே இல்லையென்றால் கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனுக் கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. 38,000 ரூபாய்க்கு வக்கீல் வைத்து வழக்காடுவதைவிட அங்கே 30,000-க்கு முடிந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பணம் கூட்டு நிறுவனம் தொடங்கிய பிறகு வந்தால் யாருக்கு என்பதையும், தோழிக்கு இப்படி வெளியே நிற்கும் பழைய பாக்கிகளின் பட்டியலையும் பத்திரத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்து இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.