காதில் இரண்டு குரல்: டிகாஸ், ஏ.டி.சி. கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வார்த்தைகள்தான் வேறு. அதை முதலில் முடித்துவிடுகிறேன். புதியவர்களுக்கு: டிகாஸ் என்பது மற்ற விமானங்களோடு மோதாமல் இருக்க விமானிக்குக் குரல் கொடுக்கும் கருவி; ஏ.டி.சி. என்பது தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, அங்கே வேலை பார்ப்பவர் கன்ட்ரோலர்.

கே: டிகாஸ் ‘ஏறு’ என்கிறது, அதே நேரத்தில் ஏ.டி.சி. ‘இறங்கு’ என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

ப: டிகாஸ் பேச்சை. ஏ.டி.சி.க்கு ‘அன்ஏபிள், டிகாஸ் ஆர்.ஏ.’ (முடியாது, டிகாஸ் உத்தரவு வந்திருக்கிறது) என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். ஆர்.ஏ. என்பது ‘ஏறு’, ‘இறங்கு’ என்று டிகாஸ் கொடுக்கும் உத்தரவு. காரணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் அந்தக் கன்ட்ரோலர் பாடத்தை மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

கே: நல்ல அனுபவம் உள்ள கேப்டன் சூழ்நிலையைப் பார்த்துத் தானாக முடிவெடுக்கக் கூடாதா?

ப: ஆர்.ஏ. ஒலிக்கும்போது மோதலுக்கு 15 முதல் 35 விநாடி வரைதான் இருக்கும். அதில் 5 விநாடிக்குள் விமானத்தின் மூக்கு அசைந்திருக்க வேண்டும். அதற்குள் உங்கள் டிகாஸும் எதிர் விமானத்தின் டிகாஸும் மோட் எஸ் என்ற வானொலி இணைப்பு வழியே பேசி முடித்துவிட்டன: நீ மேலே, நான் கீழே. நீங்கள் சொந்தமாக யோசித்து மாற்றிச் செய்தால், எதிரே வருபவர் ஒதுங்கும் பக்கமே நீங்களும் ஒதுங்குகிறீர்கள். தெருவில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் விலகி முட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆர்.ஏ.வைப் பின்பற்றுவதே ஆபத்து என்று கேப்டனுக்குத் திட்டமாகத் தெரிந்தால் பின்பற்றாமல் இருக்க விதி இடம் தருகிறது. ஆனால் எதிர்த்திசையில் போக எந்த விதியும் இடம் தரவில்லை. ஆர்.ஏ.வுக்கு எதிர்த்திசையில் ஒருபோதும் போகாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் இரண்டு மூன்று முறை எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: டிகாஸும் தரை எச்சரிக்கையும் சேர்ந்து ஒலித்தால்?

ப: தரைதான் முதலில். மலை விலகிக்கொள்ளாது. ஸ்டால் (இறக்கை தாங்கும் விசையை இழப்பது), விண்ட்ஷியர் (காற்று திடீரென மாறுவது) எச்சரிக்கைகளும் டிகாஸுக்கு மேலேதான்.

கே: ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்றவுடனேயே கொஞ்சம் இறங்கத் தொடங்கிவிட்டால் நேரம் மிச்சமாகுமே? (பயிற்சி விமானி)

ப: ஆகாது. அது டி.ஏ., அதாவது அருகில் விமானம் இருக்கிறது என்ற முன்னெச்சரிக்கை. ‘தயாராக இரு’ என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. திரையில் தெரியும் அந்த மஞ்சள் புள்ளியை வைத்து விமானத்தைத் திருப்பவும் கூடாது, ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. கையை ஸ்டிக்கில் வையுங்கள், வெளியே பாருங்கள், காத்திருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு இறங்கிய பிறகு ஆர்.ஏ. ‘ஏறு’ என்றால் என்ன செய்வீர்கள்? மிச்சம் பிடித்த நேரத்தைவிட இரண்டு மடங்கு தொலையும்.

கே: டிகாஸ் ‘இடப்பக்கம் திரும்பு’ என்று சொல்லும்போது ஏ.டி.சி. நேராகப் போகச் சொன்னால் எதைக் கேட்பது? எங்கோ படித்தேன்.

ப: எங்கே படித்தீர்கள் என்று எழுதியிருந்தால் அவர்களையும் சேர்த்துத் திட்டியிருப்பேன். டிகாஸ் இடம் வலம் சொல்லாது. ஏறு, இறங்கு, மட்டப்படுத்து, இதே வேகத்தில் தொடர், அவ்வளவுதான். எதிர் விமானத்தின் உயரத்தை அதன் டிரான்ஸ்பாண்டரே (கேட்டால் பதில் அனுப்பும் வானொலிக் கருவி) சொல்லிவிடுகிறது, அது நம்பகமான தகவல். எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மட்டும் டிகாஸ் தன் ஆன்டெனாவை வைத்துக் கணிக்க வேண்டும். அது திரும்பச் சொல்லும் அளவுக்குத் துல்லியமாக இருக்காது. திரையில் புள்ளி இடப்பக்கம் தெரிகிறது என்று நம்பி வலப்பக்கம் திரும்பாதீர்கள் என்பதும் இதனால்தான். கடிதம் எழுதும் முன் கையேட்டை ஒருமுறை புரட்டுங்கள்.

கே: நான் ரேடார் அறையில் வேலை பார்க்கிறேன். விமானி ‘டிகாஸ் ஆர்.ஏ.’ என்றதும் நான் என்ன செய்ய வேண்டும்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது.

ப: கஷ்டம்தான், புரிகிறது. ஆனால் ‘ராஜர்’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ (மோதல் ஆபத்து நீங்கியது) என்று அவர் சொல்லும்வரை அந்த விமானத்தின் பாதையை மாற்ற முயலாதீர்கள். அவர் உங்கள் கிளியரன்ஸை (நீங்கள் அனுமதித்த பாதையையும் உயரத்தையும்) விட்டு விலகிய கணத்திலிருந்து, அந்த விலகலால் நேரடியாகப் பாதிக்கப்படும் விமானங்களுக்கும் அவருக்கும் இடையிலான இடைவெளி உங்கள் பொறுப்பில் இல்லை. பழைய கிளியரன்ஸுக்குத் திரும்பிவிட்டேன் என்று அவர் சொல்லி நீங்கள் ஏற்றுக்கொள்ளும்போதோ, நீங்கள் கொடுக்கும் புதிய கிளியரன்ஸை அவர் ஏற்றுக்கொள்ளும்போதோதான் பொறுப்பு உங்களிடம் திரும்புகிறது. திரையில் உள்ள மற்ற விமானங்கள் எப்போதும் போல உங்கள் தலையில்தான். ‘ஆர்.ஏ. வந்துவிட்டது, நான் காபி குடிக்கப் போகிறேன்’ என்று யாரும் எழுந்துவிட வேண்டாம்.

உங்கள் திரை சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. டிகாஸ் விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறது. இரண்டு விமானமும் ஒரே உயரத்தில் இருப்பதாக உங்கள் திரை காட்டும்போது, அவற்றில் ஒன்று ஏற்கனவே 200 அடி இறங்கியிருக்கலாம். நல்ல எண்ணத்தோடு நீங்கள் கொடுக்கும் உத்தரவு அதை மறுபடி ஏற்றிவிடும்.

கே: 2002-ல் யூபர்லிங்கன் விபத்தில் அந்த ரஷ்ய விமானிகள் இயந்திரம் சொன்னதைக் கேட்டிருந்தால் 71 பேரும் பிழைத்திருப்பார்கள். எளிய விஷயம். இதற்கு ஏன் இத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறீர்கள்?

ப: இந்த ‘எளிய விஷயம்’ என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஏறிவிடும். ஆகவே கொஞ்சம் நீளும்.

ஜூலை 1-ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் தென்கோடி வான்வெளி. அதைக் கவனித்தது சுவிட்சர்லாந்தின் ஸூரிக் ரேடார் அறை. பஷ்கிரியன் ஏர்லைன்ஸின் டியு-154, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்கு, 69 பேருடன். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். இன்னொன்று டி.எச்.எல். சரக்கு போயிங் 757, பெர்காமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு, இரண்டு விமானிகள். இரண்டும் 36,000 அடியில்.

அறையில் வேலையில் இருந்தவர் ஒரே ஒரு கன்ட்ரோலர். இன்னொருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். இரண்டு இருக்கை, இரண்டு அலைவரிசை, தாமதமாக இறங்க வந்த ஓர் ஏர்பஸ் வேறு. ரேடார் அமைப்பில் பராமரிப்பு வேலை நடந்ததால், மோதல் வரப்போகிறது என்று திரையிலேயே காட்டும் எச்சரிக்கை இல்லை. பிரதான தொலைபேசி இணைப்பும் இல்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே ரேடார் அறையில் இருந்தவர்கள் ஆபத்தைப் பார்த்துவிட்டு அழைத்து அழைத்துப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

அந்தக் கன்ட்ரோலர் கவனித்தபோது ஒரு நிமிடம்கூட மீதமில்லை. டியு-154-ஐ இறங்கச் சொன்னார். அவர்கள் இறங்கத் தொடங்கிய சில விநாடிகளில் அவர்களுடைய டிகாஸ் ‘ஏறு’ என்றது, 757-இன் டிகாஸ் ‘இறங்கு’ என்றது. டியு காக்பிட்டில் ‘இது ஏறச் சொல்கிறதே’ என்று ஒருவர் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. கன்ட்ரோலர் இறங்கச் சொல்கிறார் என்று பதில் வந்தது. அதற்குள் கன்ட்ரோலர் மறுபடியும் அழைத்து, சீக்கிரம் இறங்குங்கள், வலப்பக்கம் விமானம் இருக்கிறது என்றார். அது இருந்ததோ இடப்பக்கம். இரண்டும் இறங்கியபடியே மோதின.

இனி நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் கையில் இருந்த கையேடு மோதலைத் தவிர்ப்பதில் ஏ.டி.சி.தான் முதன்மை, டிகாஸ் துணை என்ற பொருளில் எழுதியிருந்தது. அதே கையேட்டில் வேறோர் இடம் ஆர்.ஏ.வுக்கு எதிராகப் போகாதே என்றது. உலக அளவிலான விதிகளிலும் மொழி தெளிவாக இல்லை. ஒரு மனிதக் குரல் பதற்றத்தோடு ‘இறங்கு, இறங்கு’ என்கிறது, ஓர் இயந்திரக் குரல் ‘ஏறு’ என்கிறது. அந்தக் காக்பிட்டில் நீங்கள் இருந்திருந்தால் சரியாகச் செய்திருப்பீர்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? நான் சொல்ல மாட்டேன்.

757 விமானிகள் ஆர்.ஏ.வைச் சரியாகப் பின்பற்றினார்கள். ஆனால் ‘டிகாஸில் இறங்குகிறோம்’ என்று ஏ.டி.சி.க்குச் சொன்னது ஏறத்தாழ 20 விநாடி கழித்து. கன்ட்ரோலரின் காதில் அது விழவில்லை. என் நெடுநாள் புகார் இதுதான்: கை அசைந்ததும் வாய் அசைய வேண்டும். சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்த காலத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அழகாக ஏறுவார்கள், அழகாக மட்டப்படுத்துவார்கள், ‘டிகாஸ் ஆர்.ஏ.’ என்று சொல்ல மட்டும் மறந்துவிடுவார்கள். கேட்டால் ‘விமானத்தை ஓட்டுவதுதானே முதல் வேலை’ என்பார்கள். ஓட்டுவது ஒருவர் வேலை, பேசுவது இன்னொருவர் வேலை, இருக்கையில் இரண்டு பேர் எதற்கு? நீங்கள் சொல்லாவிட்டால், பெரும்பாலான இடங்களில் உங்களுக்கு ஆர்.ஏ. வந்ததே கன்ட்ரோலருக்குத் தெரியாது. தெரியாதவர் உதவி செய்யத்தான் பார்ப்பார். யூபர்லிங்கனில் நடந்ததும் ஓர் உதவிதான்.

இன்னொன்று. இதற்கு 17 மாதங்கள் முன்பே, 2001 ஜனவரி 31-ல், ஜப்பானில் இதே கதையின் ஒத்திகை நடந்தது. பயிற்சிக் கன்ட்ரோலர் விமான எண்ணை மாற்றிச் சொல்லிவிட, இறங்க வேண்டிய டி.சி.-10-க்குப் பதிலாக ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 இறங்கத் தொடங்கியது. 747-இன் டிகாஸ் ‘ஏறு’ என்றது. கேப்டன் இறங்குவதைத் தொடர்ந்தார். டி.சி.-10 தன் ஆர்.ஏ.வின்படி இறங்கியது. இரண்டிலும் சேர்த்து 677 பேர். மோதாமல் எல்லோரும் தப்பினார்கள், ஏறக்குறைய 100 பேருக்குக் காயம். 747-இல் இருந்தவர்கள் ஒன்றும் ரஷ்யர்கள் இல்லை. கன்ட்ரோலர் பேச்சைக் கேட்பது விமானிக்கு வேலையின் முதல் நாளிலிருந்து ஊறிய பழக்கம். அதை ஒரு பெட்டியின் குரல் உடைக்க வேண்டுமானால் விதி ஐயமில்லாமல் எழுதப்பட வேண்டும், பயிற்சி திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். 2003 நவம்பரில்தான், ஏ.டி.சி. உத்தரவோடு முரண்பட்டாலும் ஆர்.ஏ.வையே பின்பற்று என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வெளிப்படையாக எழுதியது. நீங்கள் ‘எளிய விஷயம்’ என்று சொல்லும் விதி, அன்று இரவு அந்தத் தெளிவோடு இருக்கவே இல்லை.

கே: இரண்டும் இறங்குகின்றன என்று டிகாஸுக்கே தெரியுமே, அது ஏன் பாதியில் மாற்றிச் சொல்லவில்லை?

ப: நல்ல கேள்வி. திசையை மாற்றிச் சொல்லும் வசதி அப்போதே இருந்தது. ஆனால் இரண்டு விமானங்களுக்கும் இடையில் குறைந்தது 100 அடி உயர வேறுபாடு இருந்தால்தான் அது வேலை செய்யும். யூபர்லிங்கனில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியபடி இறங்கின. டிகாஸ் மென்பொருளின் 7.1 பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதே பதிப்பில்தான், பலர் தப்பாகப் புரிந்துகொண்ட ‘அட்ஜஸ்ட் வெர்டிகல் ஸ்பீட்’ (ஏறும், இறங்கும் வேகத்தைச் சரிசெய்) போய் ‘லெவல் ஆஃப்’ (மட்டப்படுத்து) வந்தது. இந்த வசதியை நம்பி எதிர்த்திசையில் போகாதீர்கள்.

கே: எதிர் விமானம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. அப்போதும் ஆர்.ஏ. தேவையா?

ப: தேவை. நீங்கள் பார்ப்பது அந்த விமானம்தானா? 35,000 அடியில், இரவில், மேலே போகிறதா கீழே போகிறதா என்று விளக்கை வைத்துச் சொல்பவர் பந்தயம் கட்டலாம், விமானம் ஓட்டக் கூடாது. ஜப்பான் சம்பவத்தில் கடைசி நொடியில் கண்தான் காப்பாற்றியது என்று யாராவது எழுதுவீர்கள். உண்மைதான். அந்தக் கடைசி நொடி வந்திருக்கவே கூடாது.

கே: மேலே போன விமானத்துக்கு 1,000 அடி கீழேயே நிற்கத்தான் எங்களுக்குக் கிளியரன்ஸ். அப்படியும் ஆர்.ஏ. வந்தது. டிகாஸ் கோளாறா?

ப: நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறினீர்கள் என்று கடிதத்தில் இல்லையே? 3,000 அடி என்று யூகிக்கிறேன். நீங்கள் எந்த உயரத்தில் நிற்கப் போகிறீர்கள் என்பது டிகாஸுக்குத் தெரியாது. ஏறும் வேகத்தை மட்டும் பார்க்கும். கடைசி 1,000 அடியை நிமிடத்துக்கு 1,500-க்குள் முடியுங்கள். பெட்டியைக் குறை சொல்லாதீர்கள்.

கே: ஆர்.ஏ. வந்தால் விமானத்தைச் செங்குத்தாக ஏற்ற வேண்டுமா?

ப: வேண்டாம். சாதாரணமாக நிமிடத்துக்கு 1,500 அடி. ஏறும் வேகத்தைக் காட்டும் கருவியில் பச்சைப் பகுதிக்குள் முள்ளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மிகையாக இழுத்தால் அடிபடுவது எதிர் விமானம் அல்ல, பின்னால் டிராலி தள்ளும் உங்கள் கேபின் ஊழியர். போகிற வேகத்தில் மூன்றாவது விமானத்தின் உயரத்துக்கும் போய்ச் சேர்வீர்கள்.

கே: புதிய ஏர்பஸ்களில் ஆட்டோபைலட்டே ஆர்.ஏ.வின்படி பறக்கிறதாமே? இனி இந்தச் சண்டை இல்லைதானே?

ப: ஏ-380-இல் தொடங்கியது, நல்ல ஏற்பாடு. மிகையாக இழுப்பதும், தாமதிப்பதும் குறைந்தன. ஆனால் ‘டிகாஸ் ஆர்.ஏ.’ என்று ஆட்டோபைலட் வானொலியில் சொல்லாது.

கே: 2025 ஜனவரியில் வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதியபோது டிகாஸ் தூங்கியதா?

ப: தூங்கவில்லை. விமானத்தில் ‘டிராஃபிக், டிராஃபிக்’ ஒலித்தது. ஆர்.ஏ. வராததற்குக் காரணம் உயரம். தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் ஆர்.ஏ. கொடுக்காது, இறங்கும் விமானத்தை அது தரையில் மோதவிடக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மோதல் நடந்தது 300 அடி அளவில். 67 பேர் போனார்கள். அந்த உயரத்தில் டிகாஸை நம்பிப் பாதைகளை வகுத்தவர்களைக் கேளுங்கள், டிகாஸை அல்ல.

கே: டிரான்ஸ்பாண்டர் இல்லாத விமானத்தை டிகாஸ் காட்டுமா?

ப: காட்டாது. 2006-ல் பிரேசிலில் லெகசி ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் அதன் விமானிகள் அறியாமலே அணைந்திருந்தது. 37,000 அடியில் எதிரே வந்த கோல் நிறுவனத்தின் 737-இல் டிகாஸ் நன்றாகவே இருந்தது, ஆனால் அதற்கு எதிரே ஒன்றுமே இல்லை. இரண்டும் மோதின, 737-இல் இருந்த 154 பேரும் போனார்கள். திரை வெறுமையாக இருந்தால் வானமும் வெறுமை என்று நினைக்காதீர்கள்.

கே: ஆர்.ஏ. முடிந்த பிறகு என்ன சொல்ல வேண்டும்? பழைய உயரத்துக்கு நானாகத் திரும்பலாமா?

ப: ‘கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ என்று டிகாஸ் சொன்னதும், அதையே ஏ.டி.சி.க்குச் சொல்லி, எந்த உயரத்துக்குத் திரும்புகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இடையில் வேறு கிளியரன்ஸ் கொடுத்திருந்தால் அதற்கு. அப்புறம் அறிக்கை எழுதுங்கள். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று விட்டுவிடுபவர்கள்தான் அடுத்த மாதம் எனக்குக் கடிதம் போடுகிறார்கள்.