லண்டனுக்குக் கிளம்பும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) பட்டதாரியின் அம்மாவுக்கு

அம்மா, "லண்டன்ல நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, பாஷையும் பழக்கவழக்கமும் தெரிஞ்ச பொண்ணு, சமூகப் பணி அவளுக்குச் சுலபமாத்தானே இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. மீதிப் பாதியைப் படித்துத்தான் பெற வேண்டும்.

அவள் போய்க் கதவைத் தட்டப்போகும் ஆசிய வீடுகள் ஒரே மாதிரியானவை அல்ல. டவர் ஹாம்லெட்சில் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளதேசக் குடும்பங்கள், சவுத்ஹாலில் பஞ்சாபியர். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழ் கேட்கும். அதில் பெரும்பகுதி ஈழத்துத் தமிழ். போரையும் அகதி விண்ணப்பத்தையும் கடந்து வந்தவர்கள் அதிகம். மதுரையில் வளர்ந்த பெண்ணுக்கு அவர்கள் பேச்சு புரியும். எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது தானாகப் புரியாது. பொறுமையாகக் கேட்கத் தெரிய வேண்டும்.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. குடும்பத்தில் சிக்கல் என்றால் பெரியவர்களை உட்கார வைத்துப் பேசுவது நம் வழக்கம். வற்புறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு பெண் அங்கே வந்து சொன்னால், அந்த வழக்கமே அவள் உயிருக்கு ஆபத்தாகலாம். இத்தகைய வழக்குகளில் குடும்பத்தோடு சமரசம் பேசக் கூடாது, உறவினரை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டுதல். கட்டாயத் திருமணம் இங்கிலாந்தில் 2014 முதல் குற்றம். தமிழ் பேசும் பணியாளரே வேண்டாம் என்றுகூட அந்தப் பெண் சொல்லலாம். கோயிலில் நாலு பேர் காதுக்கு விஷயம் போய்விடுமோ என்ற பயம்தான். உங்கள் மகள் முகம் சுளிக்காமல் வேறொருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தப் பக்குவம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அங்கே இன்னொரு முதுகலைப் படிப்புக்குப் பணம் கட்டும் முன் ஒன்று. 'சோஷியல் வொர்க் இங்கிலாந்து' அமைப்பில் பதிவு பெற்றவர்கள் மட்டுமே அங்கே சோஷியல் வொர்க்கர் என்று சொல்லிக்கொள்ள முடியும். அந்த அமைப்பு அங்கீகரிக்காத முதுகலைப் படிப்பால் பதிவு கிடைக்காது. அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அங்கீகரித்த படிப்பில் 200 நாள் களப்பயிற்சி கட்டாயம். வெளிநாட்டில் படித்தவர்களும் பதிவுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆகவே இன்னொரு பட்டத்துக்குக் கடன் வாங்குவதற்குள், கையிலுள்ள எம்.எஸ்.டபிள்யூ.வும் களப்பணிச் சான்றுகளும் அதற்குப் போதுமா என்று பார்த்துவிடுங்கள்.

அதுவரை அவள் சும்மா இருக்க வேண்டாம். தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பணியாற்றும் தொண்டு நிறுவனம் ஒன்றில் சில மாதம் சேரட்டும். அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள் அம்மா; சான்றிதழ்களை வைத்துக்கொண்டு அவளிடமே பேசுகிறேன்.